ஐந்து எண்ணுவதற்குள்

24 அக்டோபர், செவ்வாய். விஜயதசமி.

பழுது: கம்ப்யூட்டர் கிளம்பவில்லை.
செய்தது: ஆறு தடவை போட்டுப் பார்த்தது.
பலன்: இல்லை.
காரணம்: தெரியவில்லை.

ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் இப்படித்தான் எழுதினேன். டீசல் எஞ்சின் உள்ளே வந்ததும் முதலில் நோட்டைத் திறக்க வேண்டும். நாலு வரி. நாலையும் நிரப்பாமல் ஃபிட்டர் எவனும் வீட்டுக்குப் போக முடியாது. காரணம் என்ற வரியில் பொய் எழுதினால் அடுத்த ஷிப்டுக்காரன் மாட்டிக்கொண்டு முழிப்பான் என்று எங்கள் சார்ஜ்மேன் சொல்வார். ரிட்டயர் ஆகி மூன்று வருஷம் ஆகியும் கை அதையேதான் கேட்கிறது. வீட்டில் எஞ்சின் இல்லை. அதனால் மிக்ஸி, தண்ணீர் மோட்டார் என்று எழுதிக்கொண்டிருந்தேன். இன்று கம்ப்யூட்டர்.

காலை ஏழு மணிக்குப் பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து சொல்வதற்குள் பொட்டென்று நின்றுவிட்டது. திரையில் ஒரு புள்ளிகூட வரவில்லை. சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். இந்தத் தடவை நான் பட்டனைத் தொடவே இல்லை, தானாகவே கிளம்பியது. மறுபடி ஐந்து எண்ணுவதற்குள் நின்றது. பேய் பிடித்த மிஷின்.

இது என் மனைவி வேணியின் மிஷின். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், ஆராய்ச்சி ஏடு எல்லாம் தமிழில் அடித்துக் கொடுப்பாள். அவள் பழகிய பழைய தமிழ் எழுத்து இதில் மட்டும்தான் இருக்கிறது. வேறு மிஷினில் திறந்தால் எல்லாம் பூச்சி பூச்சியாக வருமாம். அதனால் பதினாலு வருஷமாக இந்தக் கிழத்தையே கட்டிக்கொண்டு அழுகிறாள்.

அவள் தஞ்சாவூரில் அக்கா வீட்டுக்குப் போய்ப் பதினேழு நாள் ஆகிறது. அக்காவுக்கு முட்டி வலி.

எனக்கு இதில் ஒரு வேலையும் கிடையாது. சாயங்காலம் கொஞ்ச நேரம் சீட்டு விளையாடுவேன். அது இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது.

மாடி வீட்டு சம்பத் படியில் நிறுத்தி, நேற்று உங்கள் வீட்டிலிருந்து ஊதுவத்தி வாசனை வந்ததே சார் என்றான். நான் சாமி கும்பிடாதவன் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். கொசுவர்த்தி என்றேன்.

25 அக்டோபர், புதன்.

வேணி போன் செய்தாள். போனதிலிருந்து இது மூன்றாவது தடவை. முதல் தடவை காஸ் புக் பண்ணச் சொல்லி. இரண்டாவது தடவை அவளுடைய மூக்குக்கண்ணாடிக்கு டாக்டர் எழுதிய சீட்டு எங்கே என்று கேட்டு. இரண்டும் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்தன. இன்று நாலு நிமிஷம் பேசினாள்.

ஜெசிந்தா டீச்சரின் ஆராய்ச்சி ஏடு திருத்தம் போட்டுத் திரும்பி வந்திருக்கிறதாம். முந்நூறு பக்கத்தில் நாற்பது பக்கம் மாற்றி அடிக்க வேண்டும். நவம்பர் பதினைந்துக்குள் அந்தம்மா யுனிவர்சிட்டியில் கொடுத்தாக வேண்டும். ஆறு வருஷ உழைப்பு. எல்லாம் நம் வீட்டு மிஷினுக்குள் இருக்கிறது.

நான், சரி, வந்து அடித்துக்கொடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே சொல்லிவிட்டாள். நாலாம் தேதி சனிக்கிழமை ஜெசிந்தா டீச்சர் காரில் வந்து மிஷினை மொத்தமாக எடுத்துக்கொண்டு தஞ்சாவூருக்கு வருவார். அக்கா வீட்டில் ஜன்னல் ஓரமாக ஒரு மேஜை போட்டாயிற்று.

"மிஷின் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டாள்.

நல்லா இருக்கு என்றேன். முப்பத்தாறு வருஷம் டீசல் எஞ்சினைப் பிரித்து மாட்டியவன் ஒரு டப்பாவைப் பார்த்து ஓடவில்லை என்று சொல்வதா. இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் கிளப்பிவிடலாம்.

மேஜை போட்டாயிற்றாம். ஒரு மாசம் முட்டி வலிக்கு எதற்கு மேஜை?

27 அக்டோபர், வெள்ளி.

அன்வரின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். நாற்பது வயசிருக்கும், பொறுமையான ஆள். விவரம் சொன்னேன். பெட்டியைக் கொண்டுவாங்க சார், பத்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம் என்றார். முதுகு வலி, தூக்க முடியாது என்றேன். அப்படியானால் நானே வீட்டுக்கு வருகிறேன் என்றார். அதெல்லாம் வேண்டாம், என்ன பண்ண வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், நானும் மெக்கானிக்தான் என்றேன். சிரித்தார்.

மூன்று கேள்வி கேட்டார். தண்ணீர், காபி ஏதாவது கொட்டியதா? இல்லை. எலி, பல்லி? இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கரண்ட் போய் அணைந்ததா? இல்லவே இல்லை என்றேன். யூ.பி.எஸ். இருக்கிறதா என்றார். இருக்கிறது, பாட்டரி செத்து இரண்டு வருஷம் ஆகிறது, வேணி அதைக் கால் வைக்கப் பயன்படுத்துகிறாள் என்றேன். பாட்டரி மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நம் ஊரில் எங்கே கரண்ட் போகிறது என்று நான்தான் தள்ளிப் போட்டேன்.

முதலில் மெமரிப் பட்டையைக் கழற்றி, அதன் தங்க நிற ஓரத்தை பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டச் சொன்னார். பாதி வியாதி அதிலேயே போய்விடுமாம்.

ஸ்டேஷனரிக் கடையில் ரப்பர் கேட்டேன். பேரனுக்கா சார், எந்த கிளாஸ் என்றார் கடைக்காரர். எங்களுக்குப் பிள்ளையே கிடையாது. மூணாம் கிளாஸ் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

28 அக்டோபர், சனி.

செய்தது: மெமரியை ரப்பரால் தேய்த்து மாட்டியது. உள்ளே இருந்த தூசியைப் பெயின்ட் பிரஷால் தட்டியது.
பலன்: இல்லை. ஐந்து எண்ணுவதற்குள் நிற்கிறது.

மூடியைக் கழற்றியபோது உள்ளே ஒரு நீள முடி, பாதி நரைத்தது, ஃபேனில் சுற்றிக்கொண்டிருந்தது. எடுத்துப் போட்டேன். போட்டுவிட்டுத் திரும்ப எடுத்து நோட்டுக்குள் வைத்தேன். எதற்கு என்று தெரியவில்லை.

29 அக்டோபர், ஞாயிறு.

மழை. ரசம் வைத்தேன், உப்பு கூடிவிட்டது. ஒருத்தனுக்குச் சமைப்பது பெரிய தொல்லை. கால் லிட்டர் ரசம் வைக்க எந்தப் பாத்திரமும் இந்த வீட்டில் இல்லை.

அவள் இருக்கும்போது காலையிலிருந்து டக டக டக டக என்று கீபோர்டு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். தலைவலி என்று கத்துவேன். இப்போது குழாய் சொட்டுவது கேட்கிறது. மாடியில் சம்பத் செருப்பைக் கழற்றுவது கேட்கிறது. மிஷின் எப்போதாவது திகைத்து நின்றுவிட்டால், வேணி பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று சத்தமாக ஐந்து வரை எண்ணுவாள். அதற்குள் அணைந்துவிடும். சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி எண்ணுவாள்.

அவள் கோபத்துக்குக் காரணம் இதுதான். அக்டோபர் ஆறாம் தேதி மத்தியானம் கரண்ட் போனது. அவள் சேமிக்காமல் வைத்திருந்த பதினாலு பக்கம் காணாமல் போயிற்று. மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறிவிட்டாள். அக்காவுக்கு முட்டி வலியும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கரண்ட் போனதற்கு நான் என்ன பண்ண முடியும்?

30 அக்டோபர், திங்கள்.

பவர் சப்ளைப் பெட்டியையும் மெமரிப் பட்டையையும் மட்டும் கழற்றி மஞ்சள் பையில் போட்டு அன்வரிடம் கொண்டுபோனேன். மாட்டிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது. மெமரியையும் பார்த்தார், அதுவும் நன்றாக இருக்கிறது. "சார், கை, கால் ஒண்ணொண்ணா கொண்டு வர்றீங்க. ஆளக் கொண்டு வந்தாத்தான பாக்க முடியும்?" என்றார். அங்கே நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வேணி போன பிறகு ஒருவரோடு சேர்ந்து சிரித்தது இன்றுதான்.

1 நவம்பர், புதன்.

உள்ளே இருக்கும் வட்ட பாட்டரியை மாற்றினேன். பலன் இல்லை.

உண்மையைச் சொன்னால் இன்று காலையில் அதைக் கழற்றும்போது, ஓடவேண்டுமே என்று நினைத்தேனா, ஓடக்கூடாதே என்று நினைத்தேனா தெரியவில்லை. ஓடாவிட்டால் நான் சொன்ன பொய் தெரிந்துவிடும். டீச்சரின் ஆறு வருஷமும் போய்விடும், வேணி தலைகுனிந்து நிற்பாள். ஓடினால் சனிக்கிழமை மிஷின் காரில் ஏறிவிடும். அவளுடைய துணி பாதி ஏற்கெனவே போய்விட்டது. மருந்து போய்விட்டது. மிஷினும் போய்விட்டால் அவள் இந்த வீட்டு வாசலை மிதிக்க ஒரு காரணமும் இருக்காது. நான்தான் பாக்கி. என்னைத் தேடி யார் வரப்போகிறார்கள்?

2 நவம்பர், வியாழன்.

காரணம்: தெரிந்துவிட்டது.

மத்தியானம் ஜன்னல் வெளிச்சத்தில் பெட்டியின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பட்டன் உள்ளே போய் அப்படியே நிற்கிறது, வெளியே வரவில்லை. அதைச் சுற்றியுள்ள இடுக்கில் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருக்கிறது. நகத்தால் கீறினேன். மாவு மாதிரி உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை. சந்தனம்.

பட்டன் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டிருக்கிறது. வேணி ஐந்து எண்ணி அணைப்பதைத்தான் பத்து நாளாக அந்தச் சந்தனம் செய்துகொண்டிருக்கிறது. மெமரியும் சரி, பாட்டரியும் சரி, எல்லாம் நன்றாகத்தான் இருந்தன.

எழுதித்தான் ஆகவேண்டும். வைத்தது நான்.

ஒர்க்‌ஷாப்பில் ஆயுத பூஜை அன்று எல்லோரும் லேத்துக்கும் ஸ்பானருக்கும் பொட்டு வைத்துச் சூடம் காட்டும்போது, முப்பத்தாறு வருஷமும் நான் வெளியே டீக்கடையில் நின்றேன். அதில் எனக்கு ஒரு பெருமை. வீட்டில் வேணி மிஷினைத் துடைத்து, பொட்டு வைத்து, பொரிகடலை வைத்துக் கும்பிடுவாள். மறுநாள் விஜயதசமி காலையில்தான் தொடுவாள், முதலில் ஒரே ஒரு வரி அடிப்பாள். நான் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு, உன் பிள்ளைக்கு மொட்டை எப்போ, காது குத்து எப்போ என்று கேட்பேன். பதினாலு வருஷமும் கேட்டேன். பிள்ளை இல்லாதவளிடம் கேட்கிற கேள்வியா அது என்று இன்றைக்குத்தான் தோன்றுகிறது.

இந்த வருஷம் சம்பத் பைக்கைக் கழுவி மாலை போட்டான். தெருவில் ஆட்டோ எல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு நின்றது. உள்ளே வந்து பார்த்தால் அவள் மிஷின் மட்டும் தூசியோடு மூலையில் கிடந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. கடைக்குப் போய்ச் சந்தனம், குங்குமம், ஊதுவத்தி, பொரி எல்லாம் வாங்கி வந்தேன். அவள் எந்த இடத்தில் பொட்டு வைப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. பதினாலு வருஷம் கேலி பண்ணியவன் ஒரு தடவையாவது ஒழுங்காகப் பார்த்திருக்கிறேனா? பட்டன் நெற்றி மாதிரி இருந்தது. அதன்மேலேயே குழைத்து அப்பினேன், தாராளமாக.

கும்பிடவில்லை. மன்னித்துக்கொள் என்று சொன்னேன். மிஷினிடம்தான்.

மறுநாள் கிளம்பவில்லை என்றதும் பயந்துபோய் ஈரத்துணியால் துடைத்தேன். அந்த ஈரம்தான் மிச்சத்தையும் இடுக்குக்குள் தள்ளியிருக்க வேண்டும். பெட்டியில் மஞ்சள் வட்டமும் சிவப்புக் கறையும் போகவில்லை. அன்வரிடம் பெட்டியைக் கொண்டுபோகாததற்கு முதுகு வலி காரணம் இல்லை.

ஒரு ஊசியை எடுத்துக் குத்தினால் இரண்டு நிமிஷ வேலை. ஊசியை எடுத்தும் வந்தேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் தையல் டப்பாவில் திரும்பப் போட்டேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு நானே போன் செய்தேன். மிஷின் ஓடவில்லை என்றேன். எப்போதிலிருந்து என்றாள். விஜயதசமியிலிருந்து என்றேன். நல்லா இருக்குன்னு சொன்னீங்களே என்று அவள் கேட்கவில்லை.

"ஓடாத மிஷினக் கார்ல கொண்டு வந்து என்ன பண்றது? டீச்சர வரவேண்டாம்னு சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை நானே வந்து பாக்கறேன்."

பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். எட்டு மணி பஸ் என்றாள்.

3 நவம்பர், வெள்ளி.

நேற்று அவ்வளவும் எழுதிவிட்டு, முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். சார்ஜ்மேன் இருந்தால் நோட்டை என் மூஞ்சியில் எறிந்திருப்பார்.

அக்டோபர் ஆறாம் தேதி கரண்ட் போகவில்லை. மெயினை இறக்கியது நான்.

அன்றைக்கு ஒன்றரை மணி. சாப்பிடலாம் வா என்று மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும், இதோ இந்தப் பக்கத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். குழம்பு அடுப்படியில் இருந்தது, தட்டு இருந்தது, எனக்குக் கை கால் இருந்தது. போட்டுச் சாப்பிட்டிருக்கலாம். ரிட்டயர் ஆனதிலிருந்து ஒர்க்‌ஷாப்பில் என் பேச்சைக் கேட்க இருந்த பன்னிரண்டு பேருக்கும் பதிலாக அவள் ஒருத்திதான் இருந்தாள், அவளும் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். எழுந்துபோய் மெயினை இறக்கினேன். "கரண்ட் போயிடுச்சு, இப்பவாவது வந்து சோத்தப் போடு" என்றேன்.

அவள் கத்தவில்லை. கறுத்துப்போன திரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து வந்து எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன். மோரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அன்று சாயங்காலம் அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள், நிஜமாகவே கரண்ட்தான் போனதா என்று. ஆமாம் என்றேன்.

4 நவம்பர், சனி.

வீடு கூட்டினேன். ஃப்ரிட்ஜைத் துடைத்தேன். முருங்கைக்காய், கத்தரிக்காய், அரை கிலோ சின்ன வெங்காயம் வாங்கினேன். மிஷினைத் தொடவில்லை.

5 நவம்பர், ஞாயிறு.

ஒன்பதே முக்காலுக்கு வந்தாள். கையில் சின்னப் பை, அதற்குள் இரண்டு நாள் துணிகூட இருக்காது. கொஞ்சம் இளைத்திருந்தாள். அக்காவுக்கு முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பரவாயில்லை என்றாள். சாப்பிட்டீங்களா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். கைகால் கழுவிக்கொண்டு நேராக மிஷினிடம் போனாள்.

ஸ்விட்சைப் போடுவதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டாள். அந்த மஞ்சள் வட்டத்தை விரலால் தடவினாள், சிவப்புக் கறையைத் தடவினாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பட்டனைப் பார்த்தாள்.

"சந்தனம் யாரு வச்சது? மாடி வீட்டம்மா வந்தாங்களா?"

"நான்தான்."

திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். இந்த நோட்டில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், அவள் அப்படிப் பார்த்ததை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி இடுக்கில் விட்டுச் சுற்றிலும் நெம்பினாள். சந்தனம் சில்லுச் சில்லாக மேஜையில் விழுந்தது. பட்டன் டக்கென்று வெளியே வந்தது. ஸ்விட்சைப் போட்டு, பட்டனை அழுத்தினாள். ஃபேன் சுற்றியது. நான் என்னை அறியாமல் எண்ணினேன். ஐந்து ஆயிற்று. ஆறு, ஏழு. பதினொன்றில் திரை வெளிச்சமாயிற்று.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல், திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"முப்பத்தாறு வருஷம் எஞ்சின் பிரிச்ச ஆளு. இது உங்க கண்ணுல படலையா?"

"பட்டுது. வியாழக்கிழமையே பட்டுது."

"அப்புறம் ஏன் எடுக்கல?"

"எடுத்துட்டா மிஷின் கார்ல போயிடும். நீ வரமாட்ட."

அவள் கை கீபோர்டில் அப்படியே நின்றது. விட்டால் அப்புறம் சொல்லவே மாட்டேன் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

"அன்னிக்குக் கரண்ட் போகல, வேணி. மெயின நான்தான் இறக்கினேன்."

"தெரியும்" என்றாள். "மெயின் இறங்குற சத்தம் எனக்குத் தெரியாதா? ராத்திரி வரைக்கும் பாத்தேன், நீங்களா சொல்லுவீங்கன்னு. அந்தப் பதினாலு பக்கத்த நான் திரும்ப அடிச்சிருப்பேன். பொய்ய வச்சுக்கிட்டு எப்படி இங்க இருக்கறது?"

தப்புதான் என்று சொன்னேனா, மனசுக்குள் சொன்னேனா, ஞாபகம் இல்லை. அவள் பையிலிருந்து டீச்சர் திருத்திய தாள்களை எடுத்து, முதல் தாளை எதிரே வைத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தாள். டக டக டக டக. நான் அடுப்படிக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். அறுபத்து மூன்று வயசில் வெங்காயம் இல்லாமல் அழுதது அதுதான் முதல் தடவை.

முருங்கைக்காய் சாம்பார், கத்தரிக்காய் கூட்டு. ஒன்றரைக்குச் சோறு ஆயிற்று. அவளைக் கூப்பிடவில்லை. அடுப்படியில் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி ஆயிற்று, இரண்டரை ஆயிற்று. பசி கிள்ளியது. மூன்றுக்குக் கொஞ்சம் முன்னால் அவளே எழுந்து வந்தாள்.

"கூப்பிடலையா?"

"முடிச்சிட்டு நீயே வருவன்னு இருந்தேன்."

இரண்டு பேரும் சாப்பிட்டோம். கூட்டில் உப்பு இல்லை என்றாள். சாம்பாரில் அதற்கும் சேர்த்து இருந்தது.

ஐந்து மணிக்கு எழுந்தாள். இருபத்திரண்டு பக்கம் முடிந்தது, இன்னும் பதினெட்டு இருக்கிறது. புதன்கிழமை வந்து முடிக்கிறேன் என்றாள். இரு என்று நான் சொல்லவில்லை. சொல்லும் உரிமை எனக்கு எங்கே இருக்கிறது? பையை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட நடந்தேன். தூறிக்கொண்டிருந்தது. ஒரு குடைக்குள் போனோம். பஸ் வந்து நின்ற பிறகு, படியில் ஏறி நின்றுகொண்டு சொன்னாள்.

"அடுத்த வருஷம் பட்டன்ல வைக்காதீங்க. மேல வைங்க. நான் எப்பவும் மேலதான் வைப்பேன்."

பஸ் போய்விட்டது. வீட்டுக்கு வந்தால் மேஜையில் சந்தனச் சில்லும் அந்த ஊக்கும் அப்படியே கிடந்தன. நான் எடுக்கவில்லை.

பழுது: சரியாயிற்று.
செய்தது: வேணி.
காரணம்: நான்.

7 நவம்பர், செவ்வாய்.

அன்வர் கடைக்குப் போய் யூ.பி.எஸ்.ஸுக்குப் புது பாட்டரி வாங்கி வந்தேன். மிஷின் சரியாகிவிட்டதா, என்னதான் காரணம் என்று கேட்டார். சந்தனம் என்றேன். கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கட்டும்.

வேணி கால் வைத்து வைத்துத் தேய்ந்துபோன அந்தப் பெட்டியைத் துடைத்து, பாட்டரியை மாட்டி, மேஜைக்கு அடியில் வைத்து மிஷினை அதில் இணைத்தேன். இரண்டு மணி நேரம் சார்ஜ் ஏறவிட்டேன். மத்தியானம் இரண்டு மணிக்கு மிஷினைப் போட்டேன். ஐந்து, ஆறு, பதினொன்று. திரை வந்தது.

ஓட்டிப் பார்க்காமல் ஒரு எஞ்சினையும் நான் வெளியே விட்டதில்லை. வாசல் பக்கம் போய் மெயினை இறக்கினேன். கூடத்து ஃபேன் சுற்றி ஓய்ந்தது. ஃப்ரிட்ஜ் நின்றது. வீடு முழுக்க அடங்கிப்போயிற்று.

உள்ளே வந்து பார்த்தேன். யூ.பி.எஸ். கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. அவள் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். பதினெட்டு நிமிஷம் ஓடியது. பதினாலு பக்கத்தைச் சேமிக்க அது தாராளம். பிறகு மிஷினை முறைப்படி அணைத்துவிட்டு, போய் மெயினை ஏற்றினேன்.